மண்டைக்குள் மின்சாரம் எங்கே எழுகிறது: இ.இ.ஜி. மூலப் படமாக்கலைத் துல்லியமாக்கும் முழு வழிகாட்டி

உச்சந்தலையில் ஒட்டிய மின்முனைகளால் மூளையின் மின்னலைகளைப் பதிவது இ.இ.ஜி.; அந்த அலைகள் மூளையின் எந்த இடத்திலிருந்து எழுகின்றன என்று கணித்துக் காட்டுவது மூலப் படமாக்கல். மருந்துக்கு அடங்காத வலிப்புக்காக அறுவை செய்துகொண்ட 152 பேரின் பதிவுகளை அலசி, ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு ஒன்று 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 128 முதல் 256 மின்முனைகள் வைத்து இ.இ.ஜி. எடுத்து, நோயாளியின் சொந்த எம்.ஆர்.ஐ. படத்திலிருந்தே தலை மாதிரியை (தலைக்குள் மின்சாரம் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட உதவும் கணினி வடிவத்தை) அமைத்தபோது, வலிப்பு எழும் இடத்தைக் கண்டறிவதில் உணர்திறன் (உண்மையான இடத்தைத் தவறவிடாமல் பிடிப்பது) 84 விழுக்காடு, தனித்தன்மை (தவறான இடத்தைக் காட்டாமல் இருப்பது) 88 விழுக்காடு. மின்முனைகள் 32க்கும் குறைந்து, எல்லோருக்கும் பொதுவான தலை மாதிரியை வைத்தபோது அவை 57, 59 எனச் சரிந்தன.

இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எந்தக் கணிப்பு முறை சிறந்தது?" என்பதைத்தான். மேற்கண்ட எண்களைப் பார்த்தால் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். படத்தின் தரம் பெரும்பாலும் கணினிக்கு வெளியே, மின்முனை ஒட்டும் மேசையிலும் எம்.ஆர்.ஐ. அறையிலும் முடிவாகிவிடுகிறது. இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே போகிறது. வலிப்பு மையத்தைத் தேடும் பணியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். மொழி, கேட்டல், நினைவு பற்றிய ஆய்வுகளுக்கும் பெரும்பாலான படிகள் பொருந்தும்.

எதை அளக்கிறோம்?

ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிந்தார், 1929இல் வெளியிட்டார். உச்சந்தலையில் கிடைக்கும் அந்த அலைகளின் உயரம் வழக்கமாக 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரைதான். நரம்பணுக்களின் கூர்மையான தூண்டல் துடிப்புகள் இதில் அவ்வளவாகச் சேர்வதில்லை. அவை ஓரிரு மில்லிநொடியில் முடிந்துவிடுவதால் ஒன்றோடொன்று கூடுவதில்லை. நாம் பார்ப்பது, மூளையின் மேலடுக்கான புறணியில் செங்குத்தாக அணிவகுத்து நிற்கும் பிரமிடு வடிவ நரம்பணுக்களின் இணைப்புகளில் சற்று நீண்டு ஓடும் மின்னோட்டத்தை. அதுவும் தனி அணுவுக்குரியது கிடையாது. பல சதுர சென்டிமீட்டர் புறணி ஒரே தாளத்தில் இயங்கினால்தான் வலிப்புக்கூர் (வலிப்பு நோயில் பதிவில் தோன்றும் கூர்மையான அலை) ஒன்று உச்சந்தலை வரை தெரியும். பழைய ஆய்வுகள் 6 சதுர சென்டிமீட்டர் என்றன, பின்னர் வந்தவை 10 என்கின்றன.

இதில் இரண்டு சிக்கல்கள். மண்டையோடு மின்சாரத்தை எளிதில் விடாததால், உள்ளே குறுகலாக எழும் மின்னழுத்தம் வெளியே பரந்து மங்கலாகிறது. இரண்டாவது இன்னும் அடிப்படையானது. வெளியே அளந்த மின்னழுத்தத்திலிருந்து உள்ளே இருக்கும் மூலத்தை ஒரே விடையாகக் கண்டுபிடிக்கவே முடியாது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853இலேயே காட்டிவிட்டார். கூட்டுத்தொகை 10 என்று மட்டும் சொல்லி, கூட்டிய எண்கள் எவை என்று கேட்பதைப் போன்ற கணக்கு இது. கூடுதலாக ஏதாவது ஒரு நிபந்தனையைச் சேர்க்காமல் விடை வராது. ஆகவே எந்த மூலப் படத்திலும் அளவீடு ஒரு பாதி, நாம் வைத்த அனுமானம் மறுபாதி.

படி 1: தலையைத் தயார் செய்தல்

நம் ஊரில் இந்தப் படி தேங்காய் எண்ணெயில் தொடங்குகிறது. முந்தைய நாள் தலைக்குக் குளித்து, அதன்பின் எண்ணெயோ கண்டிஷனரோ தடவாமல் வரச் சொல்லுங்கள். பூ, ஊசி, கிளிப் கூடாது. எண்ணெய்ப் படலம் மின்தடையை ஏற்றும். ஒட்டிய மின்முனை அரை மணியில் நழுவும். அடர்ந்த, நீண்ட கூந்தலைச் சீப்பின் வாலால் வகிடெடுத்துத் தோலைக் கண்ணால் பார்த்த பிறகே ஜெல் வைக்க வேண்டும். இதற்குப் பிடிக்கும் நேரத்தை மிச்சப்படுத்த நினைக்கும் ஆய்வகம், பிறகு அதைப் போலப் பல மடங்கு நேரத்தைக் கெட்ட பதிவைச் சுத்தம் செய்வதில் செலவழிக்கும்.

வழக்கமான கருவிகளில் மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இருக்கட்டும். உள்ளீட்டு மின்தடை மிக உயர்ந்த புதுப் பெருக்கிகள் 50 கிலோ ஓம் வரை பொறுத்துக்கொள்ளும். நெருக்கமாக மின்முனைகள் உள்ள தொப்பியில் வேறொரு ஆபத்து உண்டு. ஜெல் அதிகமாகிப் பக்கத்து மின்முனையோடு வழிந்து சேர்ந்துவிட்டால் இரண்டும் ஒரே அலையைத்தான் காட்டும். மின்தடைச் சோதனையில் இது பிடிபடாது. இன்னும் சொன்னால், மின்தடை அழகாகவே தெரியும். பக்கத்துப் பக்கத்து வழிகளின் (ஒவ்வொரு மின்முனையின் பதிவும் ஒரு வழி) வேறுபாட்டை எடுத்துப் பார்த்து, அது ஏறக்குறைய பூச்சியமாக இருந்தால் ஜெல் பாலம் விழுந்திருக்கிறது என்று அறியலாம்.

படி 2: எத்தனை மின்முனை, எங்கே?

ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958இல் வெளியிட்ட 10-20 அமைப்புதான் இன்றும் பெரும்பாலான மருத்துவமனைகளில் இருக்கிறது. அதில் பெரியவர்களின் தலையில் இரு மின்முனைகளுக்கு இடைவெளி ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். குறுகலான ஒரு மின்புலம் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ள இந்த இடைவெளி போதும். 64க்கு ஏறும்போது கிடைக்கும் ஆதாயம் பெரிது. 128இலிருந்து 256க்குப் போகும்போது சிறிது.

எண்ணிக்கையைவிட நான் அதிகம் வலியுறுத்துவது தலையின் கீழ்ப்பகுதியை. வலிப்பு அறுவை சிகிச்சையில் மிகுதியாக வருவது, மூளையில் காதையொட்டி இருக்கும் பொட்டு மடலின் வலிப்பு. அந்த மடலின் அடிப்புறத்தில் எழும் மின்புலத்தின் ஒரு முனை காதுக்கும் கன்னத்துக்கும் அருகே இறங்குகிறது. பழைய அமைப்பில் அங்கே மின்முனையே கிடையாது. பாதி மின்புலத்தை அளக்காமல் விட்டால் கணிப்பு மூலத்தை மேல்நோக்கி இழுத்துவிடும். இதனால்தான் பன்னாட்டு மருத்துவ நரம்பு உடலியங்கியல் கூட்டமைப்பு 2017இல், பொட்டு மடலின் கீழ்வரிசையையும் சேர்த்து 25 மின்முனைகளைக் குறைந்தபட்சமாகப் பரிந்துரைத்தது. 256 மின்முனைத் தொப்பி வாங்கப் பணம் இல்லாத இடத்தில், இருக்கும் 19உடன் ஆறு மின்முனைகளைக் கீழே சேர்ப்பதே செலவு குறைந்த முன்னேற்றம்.

படி 3: மின்முனை உண்மையில் எங்கே அமர்ந்திருக்கிறது?

தொப்பியின் வரைபடத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு தலையிலும் அது வேறு மாதிரி அமரும். காந்தப் பேனா, சுழன்று எடுக்கும் புகைப்படத் தொகுப்பு, முப்பரிமாண ஸ்கேனர் என வழிகள் பல. எதுவானாலும் ஒவ்வொரு மின்முனையின் இடத்தையும் அளந்து வையுங்கள். மூக்கின் வேர்ப்பள்ளம், இரு காதுகளின் முன்புறப் புள்ளிகள் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு, அவற்றை எம்.ஆர்.ஐ. படத்தில் அதே புள்ளிகளோடு பொருத்த வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மூன்றே புள்ளிகளை வைத்துப் பொருத்தினால், காதருகே விரல் சில மில்லிமீட்டர் விலகியதும் தலை முழுவதும் சாய்ந்துவிடும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது ஒலித்தடுப்பானால் காது நசுங்கியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மூக்கு, புருவமேடு, நெற்றி ஆகியவற்றில் நூறு புள்ளிகளாவது கூடுதலாக அளந்து, தோலின் மேற்பரப்போடு பொருத்துங்கள். இதற்கு எம்.ஆர்.ஐ. படத்தில் முகம் வெட்டப்படாமல் இருக்க வேண்டும். கதிரியக்கப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள்: மூக்கு முழுமையாக, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், முப்பரிமாண டி1 படம். பொருத்திய பின் எல்லாப் பக்கமும் சுழற்றிப் பாருங்கள். மின்முனை தோலுக்குள் புதைந்தோ அந்தரத்தில் மிதந்தோ தெரிந்தால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 4: பதிவும் சுத்தம் செய்தலும்

நொடிக்கு 500 முதல் 1000 மாதிரிகள் போதும். நம் மின்கம்பி 50 ஹெர்ட்ஸில் முணுமுணுக்கும்; அதைப் பிறகு வடிகட்டலாம் என்று விட்டுவிடாமல், சார்ஜர், விளக்கு, மின்படுக்கை எது காரணம் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். வடிகட்டி எதையும் இலவசமாகத் தருவதில்லை. ஒரு திசையில் மட்டும் ஓடும் வடிகட்டி அலையின் நேரத்தை நகர்த்தும். 30 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டினால் வலிப்புக்கூரின் ஏற்றம் மழுங்கும். கூரின் மூலத்தைத் தேடும்போது 0.5 முதல் 70 ஹெர்ட்ஸ் வரை வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஓடும் வடிகட்டியைப் பயன்படுத்துவது நல்லது.

கண் சிமிட்டல், இதயத்துடிப்பு ஆகியவற்றை நீக்க, கலந்த அலைகளைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கும் தற்சார்புக் கூறுப் பகுப்பாய்வு வழக்கத்தில் உள்ளது. அது சரியாகப் பிரிக்க, மின்முனை எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போல் 20 மடங்கு மாதிரிகளாவது வேண்டும் என்பது அனுபவ விதி. 64 மின்முனை, நொடிக்கு 500 மாதிரி என்றால் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 256 மின்முனை என்றால் அதே கணக்கு முக்கால் மணி நேரத்தைக் கேட்கிறது. பதினைந்து நிமிடப் பதிவில் 256 வழிகளையும் பிரிக்கச் சொன்னால் கணினி ஏதோ ஒன்றைப் பிரித்துத்தான் கொடுக்கும். அதை நம்புவது உங்கள் பாடு. கெட்ட வழிகளைப் பக்கத்து வழிகளை வைத்து நிரப்புவதைப் பிரித்தலுக்குப் பிறகே செய்யுங்கள். நிரப்பப்பட்ட வழியில் புதுத் தகவல் எதுவும் இல்லை.

அடுத்து சராசரி எடுத்தல். ஒரே வடிவமும் ஒரே பரவலும் கொண்ட கூர்களை மட்டும் ஒன்றாகச் சேருங்கள். இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். 16 கூர்களின் சராசரியில் அது நான்கில் ஒரு பங்காகும். ஆனால் இருவேறு இடங்களில் எழும் கூர்களைக் கலந்து சராசரி எடுத்தால், இரண்டுக்கும் நடுவே, எதுவுமே நடக்காத ஓர் இடத்தில் மூலம் தெரியும். 50 கலப்படக் கூர்களைவிட 15 தூய கூர்கள் மேல்.

எந்தக் கணத்தைக் கணிப்பது? உச்சியை எடுக்கத்தான் கை போகும். உச்சியை அடைவதற்குள் மின்செயல் பக்கத்துப் பகுதிக்குப் பரவியிருக்கக்கூடும். ஏற்றத்தின் நடுப்பகுதியை எடுங்கள். தொடக்கத்தில் இரைச்சல் அதிகம், உச்சியில் பரவல் அதிகம். நடுப்பகுதி இரண்டுக்கும் இடைப்பட்ட சமரசம்.

படி 5: தலை மாதிரி

இந்த வழிகாட்டியில் நான் அதிக நேரம் கேட்பது இந்தப் படிக்குத்தான்.

மூளைக்குள் ஓரிடத்தில் மின்னோட்டம் எழுந்தால் ஒவ்வொரு மின்முனையிலும் எவ்வளவு மின்னழுத்தம் வரும் என்று சொல்வது நேர்க்கணக்கு. அதற்குத் தலையின் வடிவமும், ஒவ்வொரு திசுவின் மின்கடத்துதிறனும் தெரிய வேண்டும். தொடக்கக் காலத்தில் தலையை ஒன்றுக்குள் ஒன்றான கோளங்களாகக் கொண்டார்கள். நெற்றியிலும் பொட்டு மடலின் அடியிலும் தலை கோளமாக இல்லை. அங்கே பிழை பெரிது. இன்று பரவலாக இருப்பது மூளை, மண்டையோடு, தோல் என மூன்று பரப்புகளைக் கொண்ட எல்லைக்கூறு முறை. அதைவிட நுட்பமானது, தலையைப் பல லட்சம் சிறு கனங்களாக வெட்டும் முடிவுறு கூறு முறை. பின்னதில் மூளைத் தண்டுவடத் திரவத்தையும் சேர்க்கலாம். அத்திரவத்தின் கடத்துதிறன் மீட்டருக்கு ஏறத்தாழ 1.79 சீமென்ஸ், மூளைக்கு வழக்கமாக வைப்பது 0.33. இத்தனை நன்றாகக் கடத்தும் ஓர் அடுக்கைக் கணக்கில் விட்டுவிடுவது சிறிய குறை என்று எனக்குத் தோன்றவில்லை.

மண்டையோட்டின் கடத்துதிறன்தான் நெடுநாள் தகராறு. 1968இல் ரஷ், டிரிஸ்கால் இருவரும் வெளியிட்ட அளவீட்டை ஒட்டி, மூளைக்கும் எலும்புக்கும் 80க்கு 1 என்ற விகிதம் பல பத்தாண்டுகள் மென்பொருள்களில் உறைந்து கிடந்தது. 2000இல் ஊஸ்டென்டார்ப் குழு உயிருள்ள மனிதர்களிடமும் அளந்து 15க்கு 1 என்றது. இன்றைய மென்பொருள்களிலும் பழைய எண்கள் முன்னிருப்பாக வரலாம், திறந்து பாருங்கள். எலும்பு உண்மையைவிடக் குறைவாகக் கடத்துவதாக வைத்தால், பரந்த மின்புலத்துக்கு எலும்பே காரணம் என்று கணக்கு எடுத்துக்கொண்டு மூலத்தை மேற்பரப்புக்கு இழுக்கும். அதிகமாகக் கடத்துவதாக வைத்தால் ஆழத்துக்குத் தள்ளும்.

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் எண் பொருந்தாது; அவர்களின் எலும்பு மெல்லியது, கூடுதலாகக் கடத்துவது, பச்சிளம் குழந்தைகளுக்கு உச்சிக்குழியும் மூடியிருக்காது. ஏற்கெனவே அறுவை நடந்த தலையில் மின்சாரம் எலும்புத் துளை வழியே பாயும், சி.டி. ஸ்கேன் எடுத்து அந்தத் துளையை மாதிரியில் வரையாமல் கணிப்பதில் பயனில்லை.

புறணியின் மடிப்புகளைப் பிரித்தெடுக்க ஃப்ரீசர்ஃபர், நேர்க்கணக்குக்கும் அடுத்த படிக்கும் பிரெய்ன்ஸ்டார்ம், ஃபீல்டுட்ரிப், எம்.என்.இ. பைத்தான் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எதை எடுத்தாலும், அது தானாகப் பிரித்த மண்டையோட்டைத் துண்டு துண்டாகக் கண்ணால் சரிபார்க்கும் வேலை உங்களுடையது.

படி 6: எதிர்க்கணக்கு

அளந்த மின்னழுத்தத்திலிருந்து மூலத்துக்குப் பின்னோக்கிப் போவது எதிர்க்கணக்கு. இப்போது அதற்கான கணிப்பு முறைகள். ஒவ்வொன்றும் ஹெல்ம்ஹோல்ட்ஸின் சிக்கலை ஒவ்வோர் அனுமானத்தால் கடக்கிறது.

ஒற்றை இருமுனை முறை, மூலம் ஒரே புள்ளி என்கிறது. குறுகலான தொடக்கத்துக்குப் பொருந்தும். பரந்த மூலத்தை ஆழத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். ஃபின்லாந்தில் ஹமலைனன், இல்மோனியெமி இருவரும் 1984இல் முன்வைத்த குறைந்தபட்ச நெறி, அளவீட்டை விளக்கும் விடைகளுள் ஆற்றல் மிகக் குறைந்ததைத் தேர்கிறது. அது மேற்பரப்பு மூலங்களுக்குச் சாதகமானது. அந்தச் சாய்வைச் சரிக்கட்ட ஆழ எடையும், பின்னர் இரைச்சலால் வகுக்கும் முறைகளும் வந்தன. பாஸ்குவல்-மார்க்கி 2002இல் தந்த எஸ்லொரெட்டா, இரைச்சலே இல்லாத ஒற்றை மூலத்தைப் பிழையின்றி இடங்காட்டும். விளம்பரங்களில் இதன் முற்பாதி விடுபட்டுப்போவதால் பலர் ஏமாறுகிறார்கள். அருகருகே இரு மூலங்கள் இருந்தால் அந்த உறுதி செல்லாது. மூளையின் ஒவ்வோர் இடத்துக்கும், அங்கிருந்து வரும் அலையை மட்டும் விடும் வடிகட்டியை அமைப்பது கற்றை வடிவாக்கி முறை; அது தொடர் அலைகளுக்கு நல்லது. ஆனால் இரு பக்கக் கேட்டல் புறணிகளைப் போல ஒரே தாளத்தில் இயங்கும் மூலங்களை ஒன்றையொன்று அழித்துவிடும்.

என் வழக்கம்: அனுமானத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட இரண்டு முறைகளையாவது ஓட்டிப் பார்ப்பது. இரண்டும் ஒரே மடலின் ஒரே பகுதியைக் காட்டினால் மேலே போகலாம். முரண்பட்டால் மூன்றாவது முறையைத் தேடி ஓடாமல், படி 3க்கும் 5க்கும் திரும்புங்கள். இரைச்சலின் இணைமாறுபாட்டை (அது வழிகளுக்கிடையே சேர்ந்து ஏறி இறங்கும் அளவை) கூர் இல்லாத பகுதியிலிருந்து எடுத்தீர்களா என்றும் பாருங்கள். வண்ணப்படத்தின் வெட்டளவை (எந்த அளவுக்குக் கீழுள்ளதைக் காட்டாமல் மறைப்பது என்ற எல்லையை) உயர்த்தினால் எந்தப் படமும் கூர்மையாகத் தெரியும். அந்தக் கூர்மைக்கும் துல்லியத்துக்கும் தொடர்பு இல்லை. வெட்டளவைப் படத்தின் கீழே எழுதாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

படி 7: விடை தெரிந்த கேள்வியால் சோதித்தல்

நோயாளியிடம் போகுமுன் உங்கள் மொத்தச் சங்கிலியையும் விடை தெரிந்த ஒன்றில் ஓட்டுங்கள். மணிக்கட்டில் நடுநரம்பை லேசான மின்துடிப்பால் தூண்டினால், ஏறத்தாழ 20 மில்லிநொடியில் எதிர்ப்பக்கத் தொடுவுணர்வுப் புறணியில் என்20 என்ற அலை எழும். அது மையப் பிளவின் பின்சுவரில் எழுவது. சில நூறு துடிப்புகளைச் சராசரி எடுத்துக் கணித்தால் மூலம் அங்கே விழ வேண்டும். நெற்றிப்பக்கம் நழுவினாலோ ஆழத்தில் இறங்கினாலோ, பொருத்தத்திலோ எலும்பின் எண்ணிலோ பிழை இருக்கிறது. இந்த அலையை வைத்தே ஒருவரின் மண்டையோட்டுக் கடத்துதிறனை அளவுதிருத்தும் முறையும் ஆய்வுகளில் இருக்கிறது.

இன்னும் கடினமான தேர்வு வேண்டுமென்றால், மிலான் நகரில் திரட்டப்பட்டு 2020இல் பொதுவில் வைக்கப்பட்ட தரவு இருக்கிறது. ஏழு நோயாளிகளின் மூளைக்குள் ஏற்கெனவே செருகியிருந்த மின்முனைகளால் தூண்டிக்கொண்டே, வெளியே 256 மின்முனைகளில் பதிந்தார்கள். தூண்டிய இடம் தெரியும் என்பதால், உங்கள் முறை எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று நேரடியாக அளக்கலாம். செயற்கைத் தரவில் மட்டும் சோதித்துவிட்டு வெற்றியை அறிவிக்கும் முறைகளுக்கு இது நல்ல கடிவாளம்.

எம்.இ.ஜி. கிடைத்தால்

அதே மின்னோட்டத்தின் காந்தப்புலத்தை அளப்பது எம்.இ.ஜி. காந்தப்புலத்தை மண்டையோடு அவ்வளவாகக் கலைப்பதில்லை. படி 5இன் தகராறு பெருமளவு தணிகிறது. ஆனால் மண்டைப் பரப்புக்குச் செங்குத்தாகப் பாயும் மின்னோட்டம் அதற்கு ஏறக்குறையத் தெரியாது. எனவே எம்.இ.ஜி. வந்தால் இ.இ.ஜி.யைக் கழற்றிவிட வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவது மேல். மூளையின் காந்தப்புலம் பூமியினுடையதில் பல கோடியில் ஒரு பங்கே இருப்பதால் காந்தத் தடுப்பு அறை வேண்டும். திரவ ஹீலியத்தில் குளிர்விக்கும் ஸ்குவிட் உணரிகள் தலையிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளியே நிற்கும். நம் பக்கத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸில் எம்.இ.ஜி. வசதி உண்டு. நாட்டிங்ஹாம், லண்டன் ஆய்வாளர்கள் 2018இல் காட்டிய புதுவகைக் கருவியில் ஹீலியம் இல்லை. ரூபிடியம் ஆவியையும் லேசரையும் கொண்ட சிறு உணரிகளைத் தலைக்கவசமாக அணியலாம், தலையை ஆட்டலாம், உணரி தோலுக்குச் சில மில்லிமீட்டர் அருகில் இருக்கும். குழந்தைகளைப் பொறுத்தவரை இது பெரிய மாற்றம். தடுப்பு அறை மட்டும் இன்னும் தேவைப்படுகிறது.

படி 8: அறிக்கை எழுதுதல்

அறுவை மருத்துவர் கையில் போவது இதுதான். மின்முனைகளின் எண்ணிக்கை, அவற்றின் இடம் அளக்கப்பட்டதா, எம்.ஆர்.ஐ. நோயாளியினுடையதா, தலை மாதிரியின் வகை, எலும்பின் கடத்துதிறன், எத்தனை கூர்களின் சராசரி, எந்தக் கணம், எந்த இரு முறைகள், வெட்டளவு என்ன ஆகிய அனைத்தும் அரைப் பக்கத்தில் அடங்கும். விடையை ஒரே புள்ளியாகக் குறிக்காமல், மடலின் உட்பகுதி அளவில் எழுதுங்கள்: வலப் பொட்டு மடலின் முன்னடிப்பகுதி என்பதைப் போல. பொட்டு மடலின் உள்ளே ஆழத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸில் மட்டும் எழுந்து அடங்கும் கூர்கள் உச்சந்தலைக்கு வராமலே போகலாம் என்பதால், படத்தில் அது வெறுமையாக இருந்தாலும் "ஹிப்போகாம்பஸ் விலக்கப்பட்டது" என்று எழுதக் கூடாது. நோயாளியின் வலிப்பு வடிவமும் எம்.ஆர்.ஐ. தழும்பும் உங்கள் படமும் வெவ்வேறு இடங்களைக் காட்டினால், மூளைக்குள் மின்முனை செருகிப் பதிய வேண்டிய இடங்களின் பட்டியலில் உங்கள் படம் காட்டிய பகுதியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.